தட்டைத் தள்ளிவிட்ட மனுசி

ஆசிரியை கரும்பலகையில் 'தெற்கத்திப் பெண்கள்' என்று இத்தாலிய மொழியில் எழுதியபோது எனக்கு இலங்கையின் தென்கரையில் இருக்கும் காலியும் மாத்தறையும்தான் நினைவுக்கு வந்தன. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெற்கு என்றால் அதுதான். முன்வரிசையில் இருந்த பலேர்மோக்காரி கையை உயர்த்தி, "அது நாங்கள்தானே?" என்று கேட்டார். இத்தாலியர்களுக்குத் தெற்கு என்றால் பலேர்மோ இருக்கும் சிசிலித் தீவு. அவர் கேட்டதிலும் பிழையில்லை. என் பக்கத்தில் இருந்த மன்னார்ப் பெண் மெதுவாக, "அக்கா, ஆரைச் சொல்லுறா?" என்றாள்.

ஆசிரியை சிரித்துவிட்டு அமெரிக்காவின் படத்தைக் கோணலாகக் கீறி, அதன் அடிப்பகுதியைச் சோக்கால் நிரப்பினார். "இந்தத் தெற்கு," என்றார்.

அது பெரியவர்களுக்கான பின்னேரப் பள்ளிக்கூடம். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடங்களாகப் பலேர்மோவில் ஒரே இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன்; அவரைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். முதியோர் இல்லங்களில் வேலை செய்வதற்கான பயிற்சியில் சேர வேண்டுமென்றால் இத்தாலியின் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். ஊரில் நான் சாதாரண தரப் பரீட்சையில் நல்லபடியாகச் சித்தியடைந்தவள். போரில் இடம்பெயர்ந்த நேரத்தில் அந்தப் பத்திரம் வீட்டோடு போய்விட்டது. அதனால் படித்ததையே இன்னொரு மொழியில் திரும்பவும் படித்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நான் வகுப்பில் கெட்டிக்காரி. அதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

மன்னார்ப் பெண் என்னைவிட ஏழு வயது இளையவள். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் இடையில் இரண்டு தெருதான். இருந்தும் அந்த வகுப்புக்கு வரும்வரை நாங்கள் கதைத்ததில்லை. அவள் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண், நான் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாத சைவக்காரி. அவளுக்கு அவள் ஆட்கள், எனக்கு என் ஆட்கள் என்று இருந்துவிட்டோம். வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும் என்பதால் ஒரே வாங்கில் உட்காரவேண்டி வந்தது.

கரும்பலகையில் எழுதியது ஓர் அமெரிக்க நாடகத்தின் பெயர். ஆசிரியை அதைத் தானே இத்தாலிய மொழியில் சுருக்கி, பிரதி எடுத்துக் கொண்டுவந்திருந்தார். கதை சிறியது. ஆறு பெருகி ஒரு சிற்றூரின் பாதியை அடித்துக்கொண்டு போகிறது. நான்கு பெண்கள் தேவாலய மண்டபத்தில் அடுப்பு மூட்டி, வீடிழந்தவர்களுக்குச் சமைத்துப் போடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி தையற்காரி. அவளுடைய வீடும் போய்விட்டது. அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு சிநேகிதிக்கு விஷயம் தெரிய வருகிறது. அவள் ஒரு தட்டில் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்து நீட்டுகிறாள். தையற்காரி தட்டைத் தள்ளிவிடுகிறாள்.

முதல் வாசிப்பில் எனக்கு நாடகம் பிடிக்கவில்லை. "இந்தப் பெண்கள் கதைத்துக்கொண்டேயிருக்கிறார்கள், எதுவும் நடக்கவில்லை," என்று சொன்னேன். ஆசிரியை கோபிக்கவில்லை. "சரி, ஏன் தட்டைத் தள்ளுகிறாள்?" என்று வகுப்பைக் கேட்டார்.

"திமிர்," என்றார் ஒருவர். பலேர்மோக்காரி சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் ஆரஞ்சுப் பழம் பிடுங்கப் போனவர். வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். "அவ சமைச்சதைவிட அது மோசமா இருந்திருக்கும்," என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களில், அம்மா கஞ்சி வரிசையில் ஒருநாளும் நிற்கவில்லை. அகப்பையை வாங்கி மற்றவர்களுக்கு ஊற்றப் போய்விட்டா. வரிசையில் கோப்பையோடு நின்றது நான்தான். எழுந்து நின்று எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொன்னேன்: "ஊற்றிக் கொடுக்கிறவரைக்கும் அவள் வீடு உள்ளவள் மாதிரி. தட்டை வாங்கினால் அவளும் அகதி. அதனால் தள்ளுகிறாள்."

"இதை எழுதுங்கள்," என்றார் ஆசிரியை. அன்றைக்கே நான்கு பக்கம் எழுதினேன். அடுத்த வகுப்பில் அதை எழுந்து நின்று வாசித்தும் காட்டினேன். மன்னார்ப் பெண், "அக்கா, நீங்கள் எழுதினது நாடகத்தைவிட நல்லாயிருக்கு," என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

சித்திரை மாதத்தில் சிஞ்ஞோரா வீட்டு மாடிப்படியைத் துடைத்துக்கொண்டு வரும்போது வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. ஒன்றரை மாதம், ஆறு கிழமைக்குப் பிளாஸ்டர் போட்டுவிட்டார்கள். சிஞ்ஞோராவுக்கு எண்பத்திரண்டு வயது. தனியாக ஒருநாள்கூட இருக்க முடியாதவர். அவர் வேறு யாரையாவது பிடிப்பதற்கு முன்னால் நானே ஆள் விடுவது நல்லது என்று மன்னார்ப் பெண்ணைக் கேட்டேன். அவள் உடனே, "ஓம் அக்கா, நாளைக்கே போறன்," என்றாள்.

அவள் உடனே ஒப்புக்கொண்டதுதான் என்னைக் குழப்பியது. முதல் கிழமை சிஞ்ஞோரா தொலைபேசியில் நலம் விசாரித்தார். இரண்டாம் கிழமை, அவள் உடுப்புகளை எவ்வளவு அழகாக அயன் செய்கிறாள் என்று சொன்னார். மூன்றாம் கிழமை அழைக்கவேயில்லை. என் வேலைக்கு நானே ஆள் தேடிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். வகுப்புக்கும் போகவில்லை. கணவருக்கு நேப்பிள்ஸ் போகிற கப்பலில் சமையலறை வேலை. கிழமைக்கு இரண்டு நாள்தான் வீட்டில் நிற்பார். ஒற்றைக் கையால் வீட்டைக் கொண்டு நடத்த முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மன்னார்ப் பெண் கதவைத் தட்டினாள். கையில் மூடிய பாத்திரம்.

"புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். வெள்ளிக்கிழமை எண்டு கருவாடு போடேல்லை," என்றாள்.

"எனக்குப் பசியில்லை. கொண்டுபோம்."

அவள் போகவில்லை. உள்ளே வந்து குசினியில் பாத்திரம் கழுவும் பேசினைப் பார்த்தாள். மூன்று நாள் பாத்திரங்கள் அதில் குவிந்து கிடந்தன.

"அக்கா, அந்தத் தையற்காரியைப் பற்றி நாலு பக்கம் எழுதினது நீங்கள். எழும்பி நிண்டு வாசிச்சதும் நீங்கள்தான். இப்ப நீங்களே தட்டைத் தள்ளுறீங்கள்."

நெஞ்சில் கிடந்ததை அப்படியே கேட்டுவிட்டேன்.

"சிஞ்ஞோரா உம்மை அங்கையே நிக்கச் சொன்னவவோ?"

"ஓம். சொன்னவ."

"நீர் என்ன சொன்னனீர்?"

"அக்கா சுகமாகி வருவா எண்டு சொன்னன். எனக்கு ஆனியிலிருந்து மொண்டெல்லோக் கடற்கரையிலை ரெஸ்டோரண்ட் வேலை இருக்கு. அது எனக்குக் காணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்கள் இப்பிடி நினைப்பீங்கள் எண்டு எனக்குத் தெரியும். நானெண்டாலும் நினைச்சிருப்பன்," என்றாள்.

அவள் அழவில்லை, முறைக்கவும் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது வேண்டுமென்றே என்று நினைக்கிறேன். நான் இடது கையில் கரண்டி பிடித்து, புட்டைப் பாதி சிந்திச் சாப்பிட்டேன். குழம்பில் உப்புக் கொஞ்சம் கூட. அதைச் சொன்னேன். "அப்ப உங்களுக்குச் சுகம் வந்திட்டுது," என்றாள்.

அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டு மேசைதான் வகுப்பு. அவளுக்குக் கணக்கு ஓடாது. நான் சொல்லிக் கொடுத்தேன். எனக்குக் கை ஓடாது. நான் இத்தாலிய மொழியில் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நாடகத்தையும் ஆளுக்கொரு பாத்திரமாகத் திரும்பத் திரும்ப வாசித்தோம். பெண்கள் ஏன் கதைத்துக்கொண்டேயிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. உருளைக்கிழங்கு உரிப்பதையும் மழையையும் பற்றிக் கதைத்தபடியே அவர்கள் ஒருவரையொருவர் விட்டுப் போகாமல் நிற்கிறார்கள். எதுவும் நடக்கவில்லை என்று நான் சொன்னது பிழை. அதை ஆசிரியையிடமும் போய்ச் சொன்னேன். பிழை என்று தெரிந்தால் ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனி மாதம் வாய்மொழிப் பரீட்சை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று ஆசிரியர்கள். நடுவில் வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர். அவர் என் தாள்களைப் புரட்டிவிட்டு, "இந்தத் தையற்காரி மிகவும் மனவுறுதி உள்ள பெண், அப்படித்தானே?" என்றார்.

ஓம் என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். "இல்லை," என்றேன். "முதல் மூன்று நாள் அவளுக்கு இருந்தது பயம். உறுதி பிறகுதான் வந்தது. கடைசிக் காட்சியில் அந்தத் தட்டை வாங்கி, எல்லாரும் பார்க்கச் சாப்பிடுகிறாளே, அதற்குத்தான் தைரியம் வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதை எங்கே படித்தீர்கள்?"

"என்னுடைய குசினியில்," என்றேன். என் ஆசிரியை குனிந்து சிரித்ததைக் கண்டேன்.

பத்துக்கு ஒன்பது கிடைத்தது. மன்னார்ப் பெண்ணுக்கு ஏழு, கணக்கிலும் சித்தி. பலேர்மோக்காரி ஆறோடு தப்பினார். பெறுபேற்றுத் தாள் ஒட்டியிருந்த சுவருக்கு முன்னால் நின்று எங்கள் இருவரையும் இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிப்பிடித்து, "தெற்கத்திப் பெண்கள்," என்று பாதை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அவர் எந்தத் தெற்கைச் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

கை சுகமான பிறகு கொஞ்ச மாதம் சிஞ்ஞோரா வீட்டுக்கே போனேன். பயிற்சி முடிந்து முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்ததும், அந்த வீட்டு வேலையை மன்னார்ப் பெண்ணுக்கே கொடுக்கச் சொல்லிச் சிஞ்ஞோராவிடம் கேட்டேன். மொண்டெல்லோவில் கோடை முடிந்தால் வேலையும் முடிந்துவிடும், இது வருடம் முழுக்க இருக்கும். "இப்பவெண்டால் எடுக்கிறன் அக்கா," என்றாள்.

போன கிழமை சிஞ்ஞோரா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவள் வரவேற்பறைக் கதிரைகளையெல்லாம் ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டாளாம். வந்து அவளைக் கண்டித்து ஒரு சொல் சொல்லச் சொன்னார். இருபது வருடமாக அந்தக் கதிரைகள் இருட்டு மூலையில் இருந்தது எனக்கும் பிடித்ததில்லை. "நல்ல இடம் சிஞ்ஞோரா, வெளிச்சத்தில் உட்காருங்கள்," என்று சொல்லிவிட்டு இல்லத்து வேலையைப் பார்க்கப் போனேன்.