நூறு கஜமும் மூன்று பேரும்

துடியலூர் போகிற ரோட்டில் ஒரு சின்னப் பாலம். அங்கிருந்து நூறு கஜத்தில் ஒரு புளியமரம். நின்ற இடத்திலிருந்து கிளம்பி அந்த நூறு கஜத்தை என் பேட்டரி கார் பதினான்கு நொடியில் கடக்கும். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. பதினொரு நாள் காலையில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ரோடு வடக்கே லேசாக ஏறும் என்பதால் போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட்டி, இரண்டையும் கூட்டிப் பாதி எடுப்பேன். பள்ளிக்கூட டிரில் மாஸ்டரிடம் இரவல் வாங்கிய ஸ்டாப்வாட்சோடு மரத்தடியில் என் மச்சினன் நிற்பான்.

நீலகிரி பைக்காராவிலிருந்து கரண்ட் எங்கள் ஊருக்கு வந்த புதிது. கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்து பிழைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு பழைய காரின் இஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டார் மாட்டும் கிறுக்குப் பிடித்தது. அதிலேயே மூன்று வருஷம் போனது. கடைசியில் ஒரு மில் முதலாளி வந்து பார்த்தார்.

"கிளம்பற வேகத்துல என்ற பெட்ரோல் காரை உங்க வண்டி முந்திப்போட்டா, மில்லுக்குப் பின்னால ஒரு ஷெட்டு உட்டுத் தாரேனுங்க. ஆளும் தாரேன். பத்து வண்டி செய்யுங்க" என்றார்.

எனக்கு வேறென்ன வேண்டும்? அவர் டிரைவரை நைசாகப் பிடித்து, அந்தக் காரையும் முன்பே அளந்து வைத்திருந்தேன். பதினைந்து நொடி.

சொன்ன நாளில் முதலாளி வந்தார். கூடவே அவர் தம்பியும் சகலையும். மூன்று பேரும் நெய்யும் தயிருமாய் வளர்ந்த உடம்பு. முதலில் அவர் கார். டிரைவர் கூச்சமே இல்லாமல், "எல்லாரும் எறங்கிக்குங்க, பாரம் இருந்தா இழுக்காதுங்க" என்றான். இறங்கினார்கள். பதினைந்து நொடி.

அடுத்து என் வண்டி. இறங்கிய மூன்று பேரும் அதன் கதவருகே வந்து நின்றார்கள். சகலை சீட்டைத் தடவிப் பார்த்தார். என் நாசமாய்ப் போன நாக்கு சொன்னது:

"ஏனுங்க வெளிய நிக்கறீங்க? ஏறி உக்காருங்க."

யோசித்துச் சொன்னதில்லை. வாசலில் ஒருவர் நின்றால் எங்கள் ஊர்க்காரர் வாயில் தானாக வருவது அது. அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். மச்சினன் மரத்தடியிலிருந்து ஓடிவந்து, "மச்சான், அவங்களை எறங்கச் சொல்லுங்க" என்று என் காதில் முணுமுணுத்தான். நான் அவனை முறைத்து விரட்டினேன்.

பதினேழு நொடி.

நான் மட்டும் ஒருதரம் ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. "எளநி சாப்பிடறீங்களாங்க?" என்றேன். சாப்பிட்டார்கள். "நல்லாத்தானுங்க இருக்குது, சொல்லி அனுப்பறேன்" என்று முதலாளி கும்பிட்டுவிட்டுப் போனார். எட்டு மாதம் காத்திருந்தேன். ஆள் வரவில்லை.

என் மனைவி ஒரே ஒருமுறைதான் கேட்டாள். "அவங்களை எறங்கச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"எப்படிச் சொல்றது?"

"வாயிலதான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. எடுத்திருந்தால்கூடத் தேவலாம். நான் மறுபடி கிணற்று மோட்டாருக்குப் போனேன். கார் கோழி அடைகிற இடமானது.

மூன்று வருஷம் கழித்து அந்த முதலாளியின் தோட்டத்து மோட்டார் கெட்டுப்போய், என்னைக் கூட்டிவரச் சொல்லி ஆள் வந்தது. அன்றைக்கு நான் எதிர்பார்த்த ஆள் கடைசியில் இதற்குத்தான் வந்தான். போனேன். நான் வேலை முடித்துக் கை கழுவும்போது அவர் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, அன்னைக்கு நாங்க மூணு பேரும் ஏறாம இருந்திருந்தா உங்க வண்டி முந்தியிருக்குமுங்களா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன்.