அக்காவின் காரில் ஏற வருகிறவர்களுக்கு

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. பூசைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் முதலில் என் வணக்கம். "நீ தமிழ் படிப்பிக்கிறனிதானே, அவளைப் பற்றி நல்லதா ஒரு கட்டுரை எழுது" என்று பெரியண்ணா ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். அட்டைப் படத்தையும் அவரே தெரிவு செய்தார். எங்கள் பழைய ஏ-போட்டி காரில் கை வைத்தபடி அக்கா நிற்கும் படம். கீழே 'குடும்பத்தின் பெருமை' என்று போடச் சொன்னார், போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை எடுத்தவள் நான். அன்று அக்காவின் பக்கத்தில் நின்றிருக்க வேண்டியவர் ஏன் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். நல்லதாகத்தான் எழுதுவேன், அக்காவைப் பற்றி மட்டும்.

அக்கா பிறந்தது தோட்டவெளியில். பெரியண்ணா, அக்கா, சின்னண்ணா, நான் என்று நாங்கள் நான்கு பேர். அப்பா மன்னார் பஸ் நிலையத்தடியில் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினார். எங்கள் பகுதியில் கோயிலுக்குப் போன மணப்பெண்களும், ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைத்தாய்ச்சிகளும் அதில்தான் போனார்கள். இன்று முதல் வரிசையில் இருக்கும் மாமிமாருக்கு இது நன்றாகத் தெரியும்.

கடல் வற்றிய நேரத்தில் பக்கத்தூரான கீரியின் கரையில் ஈரமணல் சீமெந்து போல இறுகிக் கிடக்கும். அங்கேதான் அப்பா ஓட்டப் பழக்கினார். முதலில் பெரியண்ணாவைத்தான் பழக்கினார். அவர் காரைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, அப்பாவுடன் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துபோய்விட்டார். அப்போது ஓட்டுநர் இருக்கையில் ஏறியிருந்து, அப்பா சொல்லச்சொல்ல அதை வெளியே எடுத்தவர் அக்கா. அன்றிலிருந்து அண்ணாவுக்கு அந்தக் கார் என்றாலே ஒரு கறுவல். "குமர்ப்பிள்ளை கார் ஓட்டினால் ஆர் கட்டுவான்?" என்று கேட்டவர்களும் இந்த மலரை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அக்கா யாரையும் கட்டவில்லை. அதற்குக் கார் காரணமில்லை, கேட்டு வந்தவர்களின் இலட்சணம்தான் காரணம்.

ஊர் குழம்பிய காலத்தில் ஓடுகிற வாகனம் எதுவும் வீட்டுக்காரரிடம் நிலைக்கவில்லை. துவக்கு வைத்திருந்தவன் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். நாங்கள் ஊரைவிட்டுப் போகத் தீர்மானித்த அன்று அப்பா காரை மட்டும் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டு, முக்கியமான சாமான்களைக் கழற்றினார். காபரேற்றரைப் பெரியண்ணாவின் கையில் கொடுத்தார். டைனமோ சின்னண்ணாவிடம் போனது. முன்னால் செருகிச் சுழற்றி ஸ்ராட் பண்ணும் ஹான்டில் எனக்கு. திறப்புச் சாவி அக்காவுக்கு.

"ஓடாத காரை ஒருத்தனும் கொண்டுபோக மாட்டான். நாலுபேரும் திரும்பி வந்து சாமானைப் பூட்டினால்தான் இது ஓடும். அதுக்காக எண்டாலும் வந்து சேருங்கோ" என்றார் அப்பா.

அம்மா தன் பங்குக்கு மடு மாதாவிடம் ஒரு நேர்த்தி வைத்தார். நான்கு பிள்ளைகளும் உயிரோடு திரும்பினால், இதே காரில் எல்லோரும் ஒன்றாக ஆவணித் திருநாளுக்கு வருவோம் என்பதுதான் அந்த நேர்த்தி.

அப்பா நல்ல மனிதர். ஆனால் பெற்ற பிள்ளைகளை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இரும்புத் துண்டுகள் எங்களைக் கயிறு போலக் கட்டி வைத்திருக்கும் என்று நினைத்துவிட்டார். அவர் கொடுத்ததைக் கடைசியில் ஆளுக்கொரு பங்கு என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

பெரியண்ணா கொழும்புக்குப் போனார். மற்றவர்கள் வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்குப் போனோம். தமிழ்நாட்டு முகாமில் அப்பா காலமானார். அங்கே தையல் மெசின் மிதித்து அம்மாவையும் என்னையும் பார்த்தவர் அக்கா. என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். சண்டை ஓய்ந்து நாங்கள் தோட்டவெளிக்குத் திரும்பியபோது, பெரியண்ணா மன்னார் நகரில் மாடிவீடு கட்டிக் குடியிருந்தார். சின்னண்ணா எங்களோடு திரும்பி வந்து கீரியில் வலைத் தொழிலில் சேர்ந்தார்.

கார் கொட்டிலுக்குள்ளேயே நின்றது. சில்லுகள் பாதிவரை மணலில் புதைந்திருந்தன. ஒரு பெட்டைக் கழுதை அதற்குப் பக்கத்திலேயே குட்டி போட்டுக் குடியிருந்தது. 'கழுதைக் கொட்டில்' என்று அதற்குப் பெயர் வைத்துச் சிரித்தவர்கள் நீங்கள்தான். எங்களைக் கேட்காமல் பழைய இரும்புக்காரனை லொறியோடு அனுப்பியவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். கழுதை அவனுக்கு முழங்காலில் ஒன்று கொடுத்து அனுப்பியது.

அக்கா காலையில் சந்தையில் கருவாடு விற்பார். மாலையில் சட்டியும் மண்வெட்டியுமாகக் காரைச் சுற்றி மணல் அள்ளுவார். கார் திருத்தும் கராச் வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணரைக் கூட்டிவந்தார்; நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவரும் எங்களைப் போலவே உடுத்த உடுப்போடு ஊரைவிட்டுப் போய், புத்தளத்தில் அகதியாக இருந்து திரும்பியவர். வாய் பொல்லாதது. உப்புக்காற்றில் கறள் தின்று ஓட்டை விழுந்த அடித்தட்டைப் பார்த்துவிட்டு, "இது காரா, நண்டு வளையா?" என்றார்.

"நண்டை நான் பிடிக்கிறன். நீங்கள் காரைப் பாருங்கோ, நானா" என்றார் அக்கா.

இருவரும் ஒவ்வொரு நாளும் சண்டை பிடித்துக்கொண்டே வேலை செய்தார்கள். அடித்தட்டுக்குத் தகடு வைத்து ஒட்டினார்கள். இறுகியிருந்த பிறேக்கைக் கழற்றி மாற்றினார்கள். அப்பா அடித்திருந்த சாம்பல் நிறமே வேண்டுமென்று அக்கா நின்றார். பச்சைதான் உப்புக்காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் என்று நானா நின்றார். சாம்பல் வென்றது. கடைசியில் நானா கையைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சின் இன்னும் மவுத்தாகல்ல, உசிரு இருக்கு. காபரேற்றரையும் டைனமோவையும் கொண்டு வாங்க" என்றார்.

அக்காவும் நானும் பெரியண்ணா வீட்டுக்குப் போனோம். காபரேற்றர் அவருடைய விறாந்தைக் கண்ணாடி அலுமாரிக்குள், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே இருந்தது. பிறாசோ போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"அண்ணை, அம்மாவுக்கு நாள் போகுது. அதைத் தாங்கோ" என்றார் அக்கா.

"அது அப்பா எனக்குத் தந்த பங்கு. கார் ஆற்ரை பேரிலை ஓடப்போகுது எண்டு முதல் சொல்லு."

"அம்மான்ரை நேர்த்திக்கு ஓடப்போகுது."

"தம்பி டைனமோவைத் தரட்டும். பிறகு பாப்பம்."

அங்கிருந்து கீரிக்குப் போனோம். சின்னண்ணா நிமிர்ந்தும் பார்க்காமல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, "அண்ணை தந்தால் நானும் தாறன்" என்றார்.

இப்படித்தான் வருடங்கள் போயின. கீரிக்கும் நகரத்துக்கும் இடையில் அக்கா சைக்கிள் மிதித்துத் தேய்ந்தார். ஒவ்வோர் ஆவணிக்கும் அம்மா தன் மடுச் சேலையை எடுத்துத் தோய்த்து மடித்து வைப்பார். திருநாள் முடிந்ததும் அது திரும்பவும் பெட்டிக்குள் போகும். 'அண்ணன் தம்பிப் பிரச்சினை, நாங்கள் என்ன செய்யிறது' என்று நீங்கள் எல்லோரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனீர்கள். அந்த அலுமாரியைத் திறக்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஒருநாள் அக்கா கேட்பதை நிறுத்திவிட்டார். யாழ்ப்பாணத்தில் எங்கோ செத்துக் கிடந்த இன்னொரு ஏ-போட்டியிலிருந்து நானா இரண்டு சாமானையும் தேடி எடுத்துவந்து பூட்டினார். அக்கா திறப்பைப் போட்டார். நான் அப்பா தந்த ஹான்டிலைச் செருகிச் சுழற்றினேன். அது உதைத்தது. "கையை உடைச்சிக்காத புள்ள!" என்று நானா கத்தினார். மறுபடி சுழற்றினேன். கார் இருமி, புகை கக்கி, உறுமிக்கொண்டு எழும்பியது. கழுதை குட்டியையும் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டது. உள்ளே படுத்திருந்த அம்மா, "அவர் ஹயருக்குப் போறாரோ?" என்று கேட்டார். அக்கா ஸ்ரியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். நானா பெற்றோல் கலனைத் தேடப் போவது போல அப்பால் போய் நின்றார்.

அக்கா இரண்டு பேருக்கும் ஒரே சொல்லைத்தான் அனுப்பினார். "கார் ஓடுது. சாமான் ஒண்டும் வேண்டாம். திருநாளுக்கு முதல்நாள் விடிய வெளிக்கிடுறம். நீங்கள் மட்டும் வாங்கோ."

பெரியண்ணாவிடமிருந்து பதில் வந்தது. "என்ரை சாமான் இல்லாமல் ஓடுற கார் அப்பான்ரை கார் இல்லை."

இதை நான் என் காதால் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சுமந்துவந்தவரும் இன்று பூசைக்கு வந்திருக்கிறார். வேண்டுமானால் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று விடிய அம்மாவுக்கு மடுச் சேலையை உடுத்திப் பின் இருக்கையில் தலையணை வைத்து இருத்தினோம். புறப்பட முன் நான் எடுத்ததுதான் அட்டையில் இருக்கும் படம். மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதிப் பாலத்தில் ஏறும் இடத்தில் ஒருவர் றோட்டின் நடுவே நின்று கையைக் காட்டினார். சின்னண்ணா. கையில் ஒன்றும் இல்லை.

"அக்கா, டைனமோ கடலுக்கை" என்றார். "வள்ளத்துக்கை தண்ணி ஏறேக்கை, பாரத்தைக் குறையுங்கோ எண்டு ஓட்டி கத்தினவன். நான்தான் எறிஞ்சனான். அப்பாட்டையும் சொல்லேல்லை. அண்ணை தரமாட்டார் எண்டு தெரிஞ்சுதான் அவரைச் சாட்டிச் சாட்டி இருந்தனான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கி அறைந்திருப்பேன். அக்காதான் கதவைத் திறந்துவிட்டார்.

"இந்த ஒரு வசனத்தைச் சொல்ல உனக்கு இவ்வளவு காலமே? ஏறு."

சின்னண்ணா முன்னால் ஏறி, மடு வரைக்கும் முகத்தைத் துடைத்தபடி வந்தார். அவர் மீதிருந்த என் கோபம் அந்தப் பயணத்தோடு ஆறிவிட்டது. எங்களைக் கரை சேர்க்கத்தானே எறிந்தார்.

ஆனால் தாம்போதி முடியும்போது அம்மா கேட்டார், "பெரியவன் எங்கை?"

அக்கா றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "பின்னாலை வாறார், அம்மா" என்றார்.

அம்மா கஷ்டப்பட்டுத் திரும்பி, அந்தச் சின்னப் பின் கண்ணாடியால் பார்த்தார். பிறகு முன்னால் திரும்பவே இல்லை. கழுத்து நோகும் என்று நான் பிடித்துத் திருப்பினாலும் மறுபடி திரும்பிக்கொண்டார். பின்னால் பஸ்கள் வந்தன, வான்கள் வந்தன. ஒவ்வொன்றும் எங்களைத் தாண்டிப் போகும்போது, "இதிலையும் இல்லை" என்றார். மடுவில் எல்லோரும் முழந்தாளிட்டபோது, "மாதாவே, ஒரு பிள்ளை குறையுது, பொறுத்துக்கொள்" என்று என் அம்மா மன்னிப்புக் கேட்டார். செய்யாத குற்றத்துக்கு அவர் கேட்டார். அடுத்த ஆவணிக்கு அம்மா இருக்கவில்லை.

அதன்பிறகு அக்கா அந்தக் காரை நிறுத்தவேயில்லை. காய்ச்சலென்றாலும் பிரசவமென்றாலும் தோட்டவெளியில் யார் கூப்பிட்டாலும் போனார். நோய் தனக்கு வந்தபோதும், முடிந்த மட்டும் தானே ஓட்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். படுக்கையில் விழுந்த பிறகு திறப்பை என்னிடம் தந்தார். "அண்ணை வந்தால் ஏத்து" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஏத்து எண்டு சொன்னனான்" என்று இன்னொரு முறை சொன்னார். அவர் என்னிடம் கேட்டுக்கொண்ட கடைசிக் காரியம் அதுதான்.

நன்றி சொல்லாமல் முடிப்பது முறையல்ல. அக்காவோடு சண்டை பிடித்துப் பிடித்தே காரை ஓட வைத்து, அடக்கத்தன்று கராச்சைப் பூட்டிவிட்டுச் சேமக்காலைக் கல்லறை வரை வந்த நானாவுக்கு நன்றி. கடைசி நாட்களில் முறை வைத்து அக்காவைக் கழுவித் துடைத்த அயல் பெண்களுக்கு நன்றி. ஒவ்வொரு நாளும் கடலிலிருந்து வந்ததும் வராததுமாக அக்காவின் காலடியில் வந்திருந்த சின்னண்ணாவுக்கு நன்றி. இரும்புக்காரனை உதைத்த கழுதைக்கும் நன்றி. மலர்வளையம் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி, அது வாடிவிட்டது.

இனிப் பெரியண்ணாவுக்கு. உங்கள் மகளின் கலியாணத்துக்குப் பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிப்போக இந்தக் கார் வேண்டுமென்று ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். குடும்பக் காராம், பரம்பரை வழக்கமாம். கார் வரும். பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை. நானே ஓட்டிக்கொண்டு வருவேன்.

ஆனால் அதற்கு முதல் ஆவணித் திருநாள் வருகிறது. அம்மாவின் நேர்த்தி இன்னும் முடியவில்லை. நான்கு பேரில் மூன்று பேர்தான் மிச்சம். விடியக் காரை உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவேன். காபரேற்றரைக் கொண்டுவர வேண்டாம், அது அலுமாரிக்குள்ளேயே மினுங்கட்டும். நீங்கள் மட்டும் வாருங்கள். முன்னால் சின்னண்ணா இருப்பார். உங்களுக்குப் பின்னால்தான் இடம், அம்மா இருந்த இடம். தலையணை அப்படியே இருக்கிறது. தாம்போதி கடந்ததும் நீங்களும் ஒருமுறை திரும்பி அந்தக் கண்ணாடியால் பாருங்கள், அண்ணா. மடு வரைக்கும் பாருங்கள்.