தூக்கச் சொல்ல ஒரு சொல்

பினாங்குத் துறைமுகத்தில் காலையில் முதலில் காதில் விழும் சொல் ‘அங்காட்’. தூக்கு என்பதற்கு மலாய்க்காரர் சொல்வது அது. சீனர் மூட்டையானாலும் செட்டியார் பெட்டியானாலும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் கிளம்பும். வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். தூக்குவதற்குத் தமிழில் சொல்லா இல்லை? மூட்டை தூக்கும் எங்கள் கூட்டத்தில் குரல் கொடுப்பது என் வேலை என்பதால், வீம்புக்கு ‘தூக்கு’ என்றே கத்துவேன்.

ஒருநாள் முற்பகலில் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் அரிசி மூட்டை அடுக்கு சரிந்து, என்னோடு ஒரே கப்பலில் வந்த மாரிமுத்துவின் மேல் விழுந்தது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. பலகையில் கிடத்தினோம். ஆஸ்பத்திரிக்குப் போக வெளியே மாட்டுவண்டி நின்றது. நாலு பேர் ஆளுக்கொரு மூலை பிடித்தோம். குரல் கொடுக்க வாயைத் திறந்தேன், வரவில்லை. படுத்துக் கிடப்பவனைச் சுற்றி நாலு பேர் நின்று ‘தூக்கு’ என்றால் அது எந்தப் பயணத்துக்கு என்று ஊரிலிருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘எடு’ அதைவிட மோசம். உயிரோடு இருப்பவன் தலைமாட்டில் அதைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. சொல்லாமலே தூக்கிப் பார்த்தோம். பலகை ஒருபக்கம் சாய்ந்து அவன் அலறினான். கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றோம். இன்னொரு தரம் சாய்ந்தால் கால் போய்விடும்.

அடுத்த கிட்டங்கியில் மூட்டை தூக்கும் மலாய்க்காரர் ஹசான் ஓடிவந்தார். நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “சூடா மாத்தி?” என்றார். செத்துவிட்டானா என்று கேட்கிறார்.

“இன்னும் சாகலய்யா! இவங்கதான் மரமா நிக்கிறாங்க!” என்று பலகையிலிருந்தே மாரிமுத்து கத்தினான்.

ஹசானுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் செத்தவன் கத்தமாட்டான் என்பது தெரியும். “அங்காட் லா!” என்று ஓர் அதட்டல் போட்டார். எட்டுக் கைகளும் ஒன்றாக எழுந்தன. பலகை துளியும் சாயாமல் வண்டியில் போய் அமர்ந்தது. எங்களுக்கு அந்தச் சொல்லின் பின்னால் சுடுகாடு இல்லை.

மாரிமுத்து இன்று கொஞ்சம் நொண்டியபடி அதே கிட்டங்கிக்குக் காவலாளி. நானும் அன்றிலிருந்து ‘அங்காட்’ என்றே குரல் கொடுக்கிறேன். இருவருக்கும் ஒரு குறையுமில்லை. போன தீபாவளிக்கு வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் சொன்னான்: “உசிரு இருக்கிறவரைக்கும் அங்காட்னே தூக்குங்க அண்ணே. போனப்புறம் தமிழ்ல தூக்குங்க.”

எனக்கும் அதே ஆசைதான். ஆனால் என் மகன்கள் இங்கே பிறந்தவர்கள். வாசலில் தம்பியை முதுகில் ஏற்றும்போதுகூட அண்ணன்காரன் ‘அங்காட்’ என்றுதான் கத்துகிறான். என் தலைமாட்டில் நிற்கும் நாளில் அவனுக்குத் தமிழ்ச் சொல் ஞாபகத்துக்கு வரவேண்டும்.