வலப்பக்கம் ஒரு ஆள்

போன ஞாயிறு மதுரையில் ஆயிரத்து ஐநூறு மீட்டர் ஓடி ஐந்தாவதாக வந்தேன். உடனே கைதட்டிவிடாதீர்கள்... ஓடியதே ஆறு பேர்தான்!

மூத்தோர் தடகளம், ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பிரிவு. முதல் மூன்று பேருக்குத் தேசியப் போட்டி — புனேயில். என் மகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். கணவர் இறந்தபிறகு சங்கரன்கோவில் வீட்டில் நான் ஒற்றை ஆள். "வாம்மா" என்று அவளும் சொல்கிறாள்... என்றைக்கு என்றுதான் சொல்வதில்லை. போய் நிற்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஓட்டப்பந்தயத்தைவிட நல்ல சாக்கு உண்டா?

அதற்காகவே மாதக்கணக்கில் விடியற்காலையில் கரிவலம் ரோட்டில் ஓடினேன். தனியாகத்தான். இந்த வயதில் ஒருத்தி ஓடினால், "என்னக்கா, பஸ்ஸ விட்டுட்டியளா?" என்று கேட்பார்களே தவிர, கூட ஓட யார் வருவார்கள்?

சாம்பியன்ஷிப் ஓட்டம் ஒரு தினுசானது. டைமிங் யாருக்கும் வேண்டாம், இடம்தான் வேண்டும். முன்னால் போகிறவர் எதிர்காற்றை வாங்க, பின்னால் வருகிறவர்கள் சொகுசாக வருவார்கள். அதனால் முன்னே போக ஆளிருக்காது. கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி கூட்டமாக, மெதுவாக ஓடிவிட்டு, கடைசிச் சுற்று மணி அடித்ததும் பறப்பார்கள். அப்போது உள்பக்கம் மாட்டினால் தொலைந்தோம். முன்னால் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் — வெளியே வர வழி இருக்காது. எனக்குத் தெரியாதா? யூட்யூபில் பார்த்துப் பார்த்து மனப்பாடம்!

முதல் வளைவிலேயே கோவில்பட்டி டீச்சர் ஒருத்தி என் வலத்தோளை ஒட்டி வந்துவிட்டாள்.

"எக்கா, எந்தூரு?"

"சங்கரன்கோவில்."

"அட, எங்க மதினி ஊருல்லா! வெயிலு என்னா காட்டு காட்டுது... மெதுவாவே போவோம்க்கா. யாரு நம்மள வெரட்டுதா?"

மாட்டிக்கொண்டேன் என்று நன்றாகவே தெரிந்தது. ஓர் எட்டு பின்வாங்கி வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. என் மூச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்டது... சுகமாக இருந்தது. கூட ஒரு ஆள் ஓடி எத்தனை காலம் ஆயிற்று!

"வீட்டுல யாரெல்லாம் இருக்காவ?"

"நான் மட்டுந்தான்" என்றேன்.

மணி அடித்தது. திரும்பிப் பார்த்தால் வலப்பக்கம் காலி. எனக்கு முன்னால் நாலு முதுகுகள். காலில் தெம்பெல்லாம் அப்படியே இருந்தது, மனசுதான் விட்டுப்போயிருந்தது.

ஓட்டம் முடிந்ததும் டீச்சர் வெண்கல மெடலோடு வந்தாள். "தப்பா எடுத்துக்கிடாதியக்கா. நீங்க வெளிய வந்திருந்தா நான் காலி. அதான் பேச்சுக் குடுத்துக்கிட்டே வந்தேன்" என்று சிரித்தாள்.

கோபமா? சத்தியமாக இல்லை. இன்னும் எதையாவது கேட்பாளா என்று நின்றேன். அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மகளிடம் போனில் சொன்னேன். "பரவால்லம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள்.

மறுநாள் மறுபடி கரிவலம் ரோடு. தார் ரோட்டை விட்டு இடப்பக்க மண்ணில் இறங்கி ஓடினேன். ஏன் என்று சிறிது தூரம் போன பிறகுதான் புரிந்தது... வலப்பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டிருக்கிறேன்!

அந்த இடத்தில் பால்கேன் பைக் ஒன்று புகுந்தது. "என்னக்கா, பஸ்ஸ விட்டுட்டியளா?" என்று கேட்டுக்கொண்டே பால்காரப் பையன் முந்திப் போய்விட்டான்.

பஸ்ஸ இல்ல தம்பி... புனே ரயில!