அத்தாவின் ஒட்டுச்சீட்டு

எங்கள் அத்தா அவர்கள் இறைவனிடம் சேர்ந்து ஓராண்டாகிறது. அவர்களுடைய மூலிகைக் கடையின் வேர்மணம் மட்டும் போக மறுக்கிறது. திரைச்சீலையில், அம்மாவின் புடவையில், நான் எழுதும் இந்தத் தாளில்கூட.

அத்தா பாலக்கரையில் பிறந்தவர்கள். இளவயதில் கப்பலேறிப் பினாங்கு போய், ஒரு சீன மருந்துக்கடையில் இழுப்பறை துடைக்கச் சேர்ந்து, நாடி பார்க்கும் வைத்தியராகத் திரும்பி வந்தார்கள். எழுபதுகளில் சீன மூலிகைகளைப் பற்றி முதல் புத்தகம் எழுதினார்கள். கஷாயம் போல் சுண்டிய வாக்கியங்கள். பஸ் நிலையத்தில் முறுக்குக்குப் பக்கத்தில் வைத்து விற்கப்பட்டது.

ஒருநாள் ஜீயபுரத்துப் பெண் ஒருவர் அந்தப் புத்தகத்தோடு கடைக்கு வந்தார்.

"சோர்வா இருக்குங்க பாய். இதுல போட்டிருக்கிற வேரைக் கொடுங்க."

அத்தா நாடியைப் பிடித்தார்கள். "முழுகாம இருக்கியாம்மா?"

"ஆமாங்க."

அந்த வேர், சீனர்கள் தாங் குய் என்பது. கர்ப்பிணிகள் தொடக் கூடாது. அதை அத்தா எழுதவில்லை. நாடி பார்த்தே கொடுத்த பழக்கம், எழுதத் தோன்றவில்லை. பேரீச்சம்பழம் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, அன்றே ஸ்ரீரங்கத்து அச்சகத்துக்கு ஓடினார்கள், எச்சரிக்கைச் சீட்டு அடிக்க. இனி எழுதும் புத்தகங்களில் ஒவ்வொரு மூலிகைக்கும் யார் சாப்பிடக் கூடாது என்பதே முதலில் வர வேண்டும் என்றார்கள்.

அச்சக முதலாளி சிரித்தார். "ஏன் பாய், கல்யாணப் பத்திரிகையில யாரெல்லாம் வரப்படாதுன்னா முதல்ல போடுவா?"

"கடைக்கு வந்தா கையைப் பிடிச்சுப் பார்ப்பேன், சாமி. புத்தகத்துக்குக் கை இல்லீங்களே."

மைதாப் பசை காய்ச்சி, கையிருப்பில் இருந்த பிரதிகளில் நாங்கள் எல்லோரும் ஒட்டினோம். துவாக்குடி வரை கடை கடையாக ஏறி இறங்கி, விற்காத பிரதிகளிலும் அத்தாவே ஒட்டினார்கள். விற்றுப்போனவை?

பிறகு வந்த புத்தகங்கள் எல்லாமே "கூடாது" என்றுதான் தொடங்கின. "உங்க புஸ்தகத்தைப் படிச்சா பச்சைத்தண்ணி குடிக்கவே பயமா இருக்கு" என்பார் அம்மா. அத்தாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

கடைசி நாட்களில் கண்ணைத் திறந்தால் அதே பேச்சு. "ஒட்டாதது எந்தப் பரண்லயாவது கிடக்கும்மா."

உடனிருந்து பார்த்த மருத்துவருக்கும், தோள் கொடுத்த ஜமாஅத்தாருக்கும், கண் மங்கிய பின்னும் இந்த நினைவு மலரை அச்சிட்டுத் தந்த அந்த அச்சக முதலாளிக்கும் எங்கள் நன்றி. கடைசிப் பக்கத்தில் அதே சீட்டு இருக்கிறது. அத்தாவின் முதல் புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால், வெட்டி ஒட்டிவிடுங்கள்.

ஒட்டிய பிறகு, அத்தாவுக்காக இறைவனிடம் ஒரு துஆ.