பெட்ரோல் குடித்த கால்

ஏழாம் வகுப்போடு நின்று, கொட்டாஞ்சேனையில் சொந்தக் கடை போட்டவன் நான். என்னை ஒருவரும் ஏமாற்ற முடியாது. ஆனால் ஆசையாய் வாங்கிய புது மோட்டார் சைக்கிள் ஏற்றத்தில் திணறியது, பெட்ரோலையும் குடித்துத் தள்ளியது. அதை நிறுத்த முற்றத்தில் இடம் தந்த அயல்வீட்டு மரியதாஸ் மீது சந்தேகப்பட்டேன்.

“பெட்ரோல் உறிஞ்சுறது நீர்தானே?” என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன்.

“வாங்கோ அண்ணை, ஒரு ரவுண்ட் போவம்” என்று பின்னால் ஏறிக்கொண்டார். கொச்சிக்கடை தாண்டியதும் சிரித்தார்.

“பின் பிரேக்கில இருந்து காலை எடுங்கோ அண்ணை! மிதிச்சுக்கொண்டே ஓடினா எந்த பைக் இழுக்கும்?”

யாரையும் நம்பாத நான் ரோட்டையும் நம்பாமல்தான் ஓட்டியிருக்கிறேன். காலை எடுத்ததும் வண்டி பறந்தது.

“மன்னிச்சுக்கொள்ளும்” என்று முணுமுணுத்தேன். காற்றில் அவருக்குக் கேட்டிருக்காது. இறங்கிய பிறகு உரக்கச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.