என்னிடமும் சொல்லாதீர்கள்

பல்கலைக்கழகத்தில், எங்கள் பேச்சில் கம்பஸில், கணினிப் பிரிவு வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எந்தச் சிக்கலுக்கும் எங்கோ ஒரு பொத்தான் இருக்கும், பொறுமையாகத் தேடினால் அகப்படும். எனக்குப் பொறுமை இல்லை, வேகம் இருந்தது. வேகமாகத் தேடினாலும் அகப்படும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பிரிவு கீழ்த்தளத்தில் ஒரு நீளமான அறை. ஜன்னலை மூடினால் புழுங்கும், திறந்தால் வாவிக் காற்று வரும். காற்றோடு உப்பும் வந்து வயர்களின் முனையில் பச்சை பூக்கும். அதைத் துடைப்பதும் எங்கள் வேலைதான். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தோடுதான் வருவார்கள்: "மிஸ், வேலை செய்யுதில்ல." எது வேலை செய்யவில்லை என்று சொல்லமாட்டார்கள். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம் போல.

அந்த வருடம் ஊர்ப்பக்கம் போன் மோசடி கூடிப்போயிருந்தது. வங்கியிலிருந்து கதைக்கிறோம், பரிசு விழுந்திருக்கிறது, போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டு ஆட்களை மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிரிவு ஊர் ஊராகப் போய் விளக்கம் சொல்லவேண்டும் என்று முடிவானது. யார் போவது என்று கூட்டத்தில் கேட்டு முடிக்குமுன் நான் கையை உயர்த்திவிட்டேன். உன்னிச்சை என்ற குளத்தடி ஊர் எனக்கு வந்தது.

அங்கே மண்டபம் நிறையப் பெண்கள். வயல் வேலை ஓய்ந்திருந்த சமயம். சும்மா பேசினால் எடுபடாது என்று ஒரு வேலை செய்தேன். எங்கள் அறையில் பக்கத்து மேசையில் இருக்கும் அண்ணனின் குரலைக் கணினிக்குக் கொடுத்து, அதே குரலில் அது பேசும்படி செய்திருந்தேன். ஒலிபெருக்கியில் அது கெஞ்சியது: "அம்மா, அவசரம் அம்மா, உங்கட போனுக்கு ஒரு கோட் வந்திரிக்கும், சொல்லுங்கம்மா." என்னோடு வந்திருந்த அண்ணன் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றார். மண்டபமே ஐயோ என்றது. நான் சூட்டோடு சூடாகச் சொன்னேன்: "ஆருக்கும் சொல்லாதீங்க. மகன் கேட்டாலும் சொல்லாதீங்க. மகள் அழுதாலும் சொல்லாதீங்க. கம்பஸ்ல இருந்து நானே எடுத்துக் கேட்டாலும், எனக்கிட்டயும் சொல்லாதீங்க!"

கைதட்டினார்கள். வாகனத்தில் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை.

சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நாட்களில் ஒரு காலை, இறுதி வருட மாணவி ஒருத்தி எங்கள் அறைக்கு ஓடி வந்தாள். விவசாயம் படிக்கிறவள். நெற்பயிரில் விழும் பூச்சியைப் பற்றிய ஆய்வறிக்கையை அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குள் கம்பஸ் இணையத்தளத்தில் ஏற்றவேண்டும். பன்னிரண்டுக்கு அது தானாக மூடிக்கொள்ளும். தவறினால் தனக்குக் கீழுள்ள வருட மாணவர்களோடு சேர்ந்து இன்னொரு வருடம். விரிவுரையாளரிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டாளாம். தளத்தால் வந்தால்தான் எடுப்பேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

"என்ன பிரச்சினை?" என்றேன்.

"எண்ட போன் நேத்து தண்ணிக்க விழுந்து செத்திட்டு மிஸ். லாப் கொம்பியூட்டரால போகப் பாத்தன். கோட் கேக்குது."

எங்கள் தளத்துக்குள் புதிய கணினியால் நுழைந்தால் கடவுச்சொல் மட்டும் போதாது. பதிவு செய்த போனுக்கு ஓர் இலக்கம் வரும், அதையும் கொடுக்கவேண்டும்.

"கோட் எந்த நம்பருக்குப் போகுது?"

"அம்மாட நம்பருக்கு. கம்பஸ் கிடைச்ச நேரம் எனக்கு போன் இல்ல, அம்மாடதத்தான் குடுத்த."

"அப்ப அம்மாக்கு எடுத்துக் கேளுங்களன்."

"கூட்டாளிர போனால எடுத்தன் மிஸ். சொல்றாவில்ல."

"ஏன்?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எங்கட ஊருக்கு ஆரோ கம்பஸ் மிஸ் ஒருவ வந்து சொன்னவவாம், மகள் அழுதாலும் சொல்லக்கூடாதெண்டு."

பக்கத்து மேசை அண்ணன் கதிரையோடு என் பக்கம் திரும்பினார். "நல்லாப் படிப்பிச்சிரிக்காய் தங்கச்சி."

நம்பரை மாற்றிவிடலாமே என்று தளத்தின் பின்பக்கம் புகுந்தேன். மாற்றலாம். ஆனால் மாற்றுவதற்குச் சம்மதமா என்று கேட்டு ஒரு கோட் போகும், அதுவும் பழைய நம்பருக்கு. அதைத் தாண்டும் அதிகாரம் எங்கள் பிரிவுத் தலைவர் சேருக்கு மட்டும்தான். சேர் கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தார், போனை அணைத்துவிட்டு. அண்ணன் அவருக்கு விடாமல் எடுத்துக்கொண்டேயிருந்தார். நான் தேடிய பொத்தான் அங்கேதான் இருந்தது, எனக்கு அழுத்த ஏலாத சாம்பல் நிறத்தில்.

சரி, நானே கதைக்கிறேன் என்று என் போனால் அந்த அம்மாவுக்கு எடுத்தேன். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். அவர் குளக்கட்டில் நின்றார். வயலுக்குள் சிக்னல் இல்லை, குளக்கட்டின்மேல் ஏறினால்தான் இழுக்கும். காற்று இரைந்தது.

"அம்மா, நான் கம்பஸ் கணினிப் பிரிவில இருந்து கதைக்கிறன். உங்கட மகள் எனக்குப் பக்கத்திலதான் இரிக்கா..."

"ஆ, இப்பிடித்தான் எடுப்பாங்க எண்டு சொன்னவங்க."

"அம்மா, உன்னிச்சைக்கு வந்து அதைச் சொன்னதே நான்தான்."

"நானே எடுத்தாலும் நம்பாதீங்க எண்டும் சொன்னவ."

அண்ணன் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் என் குரலை நானே கேட்டேன். மெதுவான குரல், பணிவு, அவசரம், பக்கத்தில் அழுகிற பிள்ளை. கள்ளனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் மேடையில் சொல்லிக்கொடுத்த அடையாளங்கள் ஒன்றும் மிச்சமில்லாமல் என்னிடம் இருந்தன. அவர் இலக்கத்தைச் சொன்னால் என் பாடம் தோற்றுவிடும். சொல்லாவிட்டால் பிள்ளையின் வருடம் போய்விடும். எது நடக்கவேண்டும் என்று நான் விரும்பினேன்? அந்த நேரத்தில் உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

"நீங்க எந்த ஊர்?" என்றார் அந்த அம்மா.

"பழுகாமம்."

"ஆர்ர புள்ள?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"தகப்பனக் கேக்கல்ல கா. தாய்வழி என்ன குடி?"

எங்கள் பக்கத்தில் தாயின் குடிதான், அதாவது தாய்வழி வம்சம்தான், பிள்ளைக்கு. கோயில் திருவிழாக்களைக் குடிகுடியாகத்தான் எடுத்துச் செய்வார்கள், கல்யாணம் பேசினால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். என் குடி எது என்பது மட்டும் தெரியாது. இந்தக் கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் என்ன முகவரி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை.

"தெரியாதம்மா," என்றேன்.

"குடி தெரியாத பழுகாமத்துப் புள்ளயா? நல்ல கதை. வைக்கிறன்."

வைத்துவிட்டார். மாணவி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். நான் எங்கள் வீட்டுக்கு எடுத்தேன்.

"அம்மா, நாம என்ன குடி?"

"ஆர் கேட்ட?"

"வேலை விசயமா கேக்கிறன். சுறுக்கா சொல்லுங்க."

"வேலைக்கு என்னத்துக்கு மனே குடி? எனக்கிட்ட மறைக்காத. பொடியன் எந்த ஊர்?"

"பொடியனும் இல்ல ஒண்டும் இல்ல! பன்னெண்டு மணிக்கு மூடிடுவாங்கம்மா!"

"ஐயோ, கலியாண எழுத்துக்கே போயிட்டயா? பதிவுக் கந்தோர்லயா நிக்காய்?"

அம்மாவை நம்பவைக்க அண்ணன் போனை வாங்கிக் கதைக்கவேண்டியதாயிற்று. ஆண்குரல் கேட்டதும் நிலைமை இன்னும் மோசமானது. கடைசியில் ஒருவழியாகக் குடியின் பெயரைச் சொன்னார், எங்கள் கோயிலில் எத்தனையாம் திருவிழா எங்களுடையது என்பதையும் சேர்த்துச் சொன்னார். பின்னேரம் வீட்டுக்கு வா, கதை இருக்கு என்றும் சொன்னார்.

மறுபடி குளக்கட்டு. நான் குடியைச் சொன்னேன். அவர் திருவிழாவைக் கேட்டார். அதையும் சொன்னேன். காற்றின் இரைச்சலுக்கு மேலால் அவரது குரல் சட்டென்று இளகியது.

"அட, நாங்களும் அதே குடிதானே. அப்ப நீ எனக்கு மகள் முறை. காலச் சாப்பாடு சாப்பிட்டயா மனே?"

"சாப்பிட்டன் அம்மா. அந்தக் கோட்..."

"உன்ன நம்புறன். வடிவா நம்புறன். ஆனா நம்மட குடிப் புள்ள மேடையில ஏறி நிண்டு, எனக்கிட்டயும் சொல்லாதீங்க எண்டு சொல்லிரிக்கு. அத நானே கேக்காம விட்டா உனக்கென்ன மரியாதை?"

நம்பாததால் சொல்லவில்லை என்றால் நம்பவைக்கலாம். நம்பியதால் சொல்லவில்லை என்கிறவரை என்ன செய்வது? நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சேருக்கு எடுத்துக்கொண்டிருந்த போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். பன்னிரண்டுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. புதிய கோட் ஒன்று அனுப்பினேன். அதற்குமுன் அனுப்பியவையெல்லாம் காலாவதியாகிப்போயிருந்தன. இதுவும் தவறினால் கணக்கே பூட்டிக்கொள்ளும் என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

மாணவி போனை வாங்கினாள். "அம்மா..." என்று தொடங்கினாள், அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"அழுகுது," என்றார் தாய், பக்கத்தில் நின்ற யாரிடமோ. "எண்ட புள்ளட குரல் மாதிரியே இரிக்கு. அதையும் அந்த மிஸ் போட்டுக் காட்டினவ."

அதோடு அவளுடைய அழுகை நின்றது. முகம் மாறியது. எழுந்து நின்றாள்.

"உனக்குக் கொஞ்சமாவது அறிவிரிக்கா?" என்று ஒரு கத்து. ஜன்னலுக்கு வெளியே நூலகத்துப் படிக்கட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "நீ தண்ணி கட்டுற அந்த வயல் வட்டைக்க முழங்கால் சேத்துல நிண்டு நான் பூச்சி புடிச்சது மறந்து போயிட்டா? மண்ணுக்க நெளிஞ்ச நாக்கிளிப்புழுவப் பாம்பெண்டு கத்தி வரம்பால விழுந்தது ஆரு? உன்னத் தூக்கினது ஆரு? இப்பயும் தலைக்கு ஒரு துண்டும் போடாமத்தான் வெயிலுக்க நிப்பாய். பின்னேரம் தலையிடி எண்டு எனக்குத்தான் எடுப்பாய். எடு! எடுத்துப்பார்! குடி விசாரிக்கிறாவாம் குடி!"

அண்ணன் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினார்.

"அந்தா," என்றார் தாய், ஆறுதலாக. "இது எண்ட புள்ளதான்."

"இப்பதான் தெரிஞ்சதா?"

"கள்ளன் அம்மா அம்மா எண்டு கெஞ்சுவான். இப்பிடி ஏசமாட்டான். பொறு, வெயிலுக்க எழுத்துத் தெரியுதில்ல." பிறகு ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். நான் தட்டினேன். அவசரத்தில் ஓர் இலக்கத்தைப் பிழையாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன்.

தளத்தின் கதவு திறந்தது. அவள் பென்டிரைவைச் சொருகி ஆய்வறிக்கையை ஏற்றினாள். நீலக்கோடு பாதியில் நின்று யோசித்தது, பிறகு நகர்ந்தது. எங்கள் வலையமைப்பு அவ்வளவு மெதுவானது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. கோடு முடிவைத் தொட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பச்சை எழுத்து வந்தபோது மணிக்கூட்டைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, "பன்னெண்டு இன்னும் அடிக்கல்ல," என்றார்.

அவள் கதிரையில் விழுந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்த முறை யாரும் சந்தேகப்படவில்லை.

"போயிட்டாமா?" என்று ஸ்பீக்கரில் குரல். தாய் இன்னும் வைக்கவில்லை.

"போயிட்டு அம்மா," என்றேன்.

"கடவுளே. புள்ள, ஒண்டு கேக்கணும். நான் இப்ப சொன்னது சரியா, பிழையா?"

"சரி," என்றேன். உடனே, "இல்ல, பிழை... அதாவது, இண்டைக்குச் சரிதான்..."

"என்ன ரெண்டையும் சொல்றாய்? வாற கிழமை எங்கட மாதர் சங்கக் கூட்டம் இரிக்கு. இவளவயள் எனக்கிட்டத்தான் கேப்பாளவ. மகள் ஏசினாச் சொல்லலாம் எண்டு சொல்லவா?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்க!"

"அப்ப என்னெண்டு சொல்ல?"

மாணவி விரல்களுக்கிடையால் என்னைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார். நான் போனுக்கு முன்னால் குனிந்து, மேடையில் நின்றபோது வந்த அந்தத் தெளிவான குரலைத் தேடினேன். "அம்மா, கொஞ்சம் யோசிச்சிட்டு எடுக்கிறன்," என்றுதான் வந்தது.

"யோசி, யோசி," என்றார். "ஆனா நீ எடுத்தா நான் எப்பிடி நம்புற?"